டாம் லேரர் ஏன் நிறுத்தினார்? ஓர் அங்கதப் பாடகரின் கணக்கு

2025 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் டாம் லேரர் தன் வீட்டில் இறந்தபோது அவருக்கு வயது 97. இரங்கல் செய்திகள் திரும்பத் திரும்பச் சொன்னவை மூன்று: அவர் கணித ஆசிரியர், அவரே சொன்ன கணக்குப்படி இருபது ஆண்டில் எழுதியது 37 பாட்டு, ஏறிய மேடை 109, பெயர் உச்சத்தில் இருந்தபோதே இறங்கிப் போய்விட்டார். சில செய்திகளில் நான்காவதாக ஒரு வரியும் இருந்தது. தன் பாட்டுகள் அத்தனையின் உரிமையையும் 2022-இல் விட்டுக்கொடுத்துவிட்டார். யாருக்கு என்றால், எல்லாருக்கும்.

அவற்றைப் படித்தவர்களுக்குக் குழப்பம் வராமல் இருக்குமா? 37 பாட்டை வைத்து எழுபது ஆண்டு எப்படிப் பேசப்பட்டார்? நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை ஏன் விட்டார்? பாட்டின் உரிமையை அப்படி வெறும் வாய்வார்த்தையில் துறக்க முடியுமா? மூன்றுக்கும் விடை அவர் பாட்டு எப்படி வேலை செய்தது என்பதில்தான் இருக்கிறது.

அங்கதம், பகடி: முதலில் சொற்கள்

கேலி, நையாண்டி, பகடி, அங்கதம் எல்லாவற்றையும் நாம் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டு எழுதுகிறோம். இங்கே இரண்டையாவது பிரித்தாக வேண்டும்.

1. பகடி: ஒரு படைப்பையோ ஒரு வகைப் படைப்பையோ அதே போலச் செய்துகாட்டி, அதையே சிரிப்புக்கு இடமாக்குவது.

2. அங்கதம்: நாட்டு நடப்பில், மனிதர் நடப்பில் உள்ள கோணலைச் சிரிப்பின் வழியே குத்திக்காட்டுவது.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தையும் இரண்டாகப் பிரிக்கிறது. முகத்துக்கு நேரே வசை சொல்வது செம்பொருள் அங்கதம். வசையை உள்ளே ஒளித்துவைத்து வேறு எதையோ சொல்வதுபோல் சொல்வது பழிகரப்பு அங்கதம். தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்த ஔவை, உன் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல்மனையில் பத்திரமாக இருக்கின்றன, அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று பாடினாள். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. காதுக்குப் புகழ்ச்சி. கருத்து, உன் வேல் போரே பார்த்ததில்லை என்பது.

லேரர் எழுதியதில் பெரும்பகுதி இந்தப் பழிகரப்பு வகை. பாடுகிறவன் எதையும் கண்டிப்பதில்லை; மனம் நிறைந்து பாராட்டுகிறான், தேற்றுகிறான், நினைத்து உருகுகிறான். கேட்பவர்தான் திடுக்கிட வேண்டும்.

மெட்டு செய்யும் வேலை

பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். தெரிந்த மெட்டில் புதுச் சொல் வந்தால் காது பாதி வேலையை முன்கூட்டியே முடித்துவிடும். லேரரும் சில சமயம் இதைச் செய்தார். அன்று அறியப்பட்டிருந்த 102 வேதித் தனிமங்களின் பெயர்களை, ஆர்தர் சல்லிவன் 1879-இல் மேடையேறிய ஓர் இசை நாடகத்துக்குப் போட்ட மெட்டில் அடுக்கி ‘தி எலிமென்ட்ஸ்’ பாட்டைச் செய்தார்.

ஆனால் பெரும்பாலும் அவர் எடுத்துக்கொண்டது ஒரு மெட்டை அல்ல, ஒரு பாட்டு வகையின் நடையை. காதல் பாட்டு, தாலாட்டு, படைவீரன் பாட்டு, தேவாலயத்தில் கைதட்டிப் பாடும் பாட்டு என்று ஒவ்வொன்றின் வாசனையும் அப்படியே வரும்படி மெட்டைத் தானே போடுவார். ‘ஐ ஹோல்ட் யுவர் ஹேண்ட் இன் மைன்’ கேட்க உருக்கமான காதல் பாட்டு. காதலியின் கையைப் பிடித்திருக்கிறான், முத்தமிடுகிறான். கொஞ்சம் போன பிறகுதான் தெரிகிறது, அவன் பிடித்திருப்பது கையை மட்டும். காதலி உயிரோடு இல்லை. 1959-இல் பாடிய ‘வீ வில் ஆல் கோ டுகெதர் வென் வீ கோ’ கூட்டுப் பிரார்த்தனைக் குதூகலத்தில் போகும் பாட்டு. அதன் செய்தி, அணுகுண்டு விழுந்தால் ஒருவர் சாவுக்கு இன்னொருவர் அழ வேண்டிய சிரமம் இருக்காது என்பது.

இன்னொரு கருவி இயைபு. நம் செய்யுளில் அடியின் தொடக்கத்தில் வரும் எதுகைக்குத்தான் மதிப்பு. ஆங்கிலப் பாட்டு அடியின் கடைசியில் வரும் ஓசை ஒற்றுமையில் நிற்கிறது. முதல் அடி முடிந்த உடனே, அடுத்த அடி என்ன சொல்லில் முடியும் என்று கேட்பவர் மனம் தேட ஆரம்பித்துவிடும். அந்த இடத்தில் எதிர்பாராத சொல்லை, ஆனால் ஓசை கச்சிதமாகப் பொருந்தும் சொல்லை வைத்தால் சிரிப்பு வெடிக்கும். அரை மாத்திரை பிசகினாலும் போச்சு. கணக்கு வாத்தியார் இதில் கெட்டி.

1953: பதினைந்து டாலர்

லேரர் 1928 ஏப்ரல் 9 அன்று நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பிறந்தார். 15 வயதில் ஹார்வர்டில் சேர்ந்து, 18 வயதில் கணிதப் பட்டம், மறு ஆண்டே முதுகலை. முனைவர் பட்டத்துக்குப் பல ஆண்டு மாணவராகவே இருந்து கடைசியில் அதைக் கைவிட்டார். நண்பர்கள் கூடும் இடங்களில் பியானோவில் உட்கார்ந்து பாடியவை மெல்லப் பரவின.

1953 ஜனவரி 22 அன்று பாஸ்டனில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தை 15 டாலருக்கு எடுத்து, ஒரே மணி நேரத்தில் 12 பாட்டைப் பதிந்தார். அடித்த இசைத்தட்டு 400. இசைத்தட்டு நிறுவனம் எதுவும் இல்லை. விற்பனையும் தபால் அனுப்புவதும் அவரே. வானொலிகள் இதைத் தொடவே பயந்தன. பிரிட்டனின் பிபிசி 12 பாட்டில் பத்தை ஒலிபரப்பக்கூடாது என்று வைத்தது. தட்டு பரவியது விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் பெட்டியில்.

இந்த வழிதான் அவர் அங்கதத்தின் குணத்தைத் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். விளம்பரதாரர் இல்லை, நிலையம் இல்லை, முதலாளி இல்லை. யாரிடமும் வரியை வெட்டிக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. கூடவே, கேட்பவர் யார் என்பதும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும்: படித்தவர், தாராளவாதி, தன் அறிவில் தனக்கே கொஞ்சம் பெருமை உள்ளவர். பிற்பாடு அவர் குறிவைத்ததும் இதே ஆளைத்தான்.

1955 முதல் 1957 வரை ராணுவத்தில் கட்டாயச் சேவை. கணிதம் படித்தவர் என்பதால் தேசியப் பாதுகாப்பு முகமையில் போட்டார்கள். அங்கே 1957-இல் இன்னொருவருடன் சேர்ந்து சூதாட்ட நிகழ்தகவு பற்றி ஓர் ஆய்வறிக்கை எழுதினார். அதன் மேற்கோள் பட்டியலில் ரஷ்யக் கணித மேதை லோபசெவ்ஸ்கி பெயரில் இல்லாத ஒரு கட்டுரையைச் செருகி வைத்திருந்தார். அடுத்தவன் ஆராய்ச்சியைத் திருடு என்று உபதேசிக்கும் தன் பழைய பாட்டில் அவரே கற்பித்த தலைப்பு அது. கிட்டத்தட்ட அறுபது ஆண்டு யார் கண்ணிலும் படவில்லை.

1965: நாட்டு நடப்பு பாட்டானது

முதல் இரண்டு தொகுப்பிலும் நாட்டு அரசியல் குறைவு. அது நேராக உள்ளே வந்தது தொலைக்காட்சி வழியே. பிரிட்டனில் வெற்றி பெற்ற வாராந்திர அங்கத நிகழ்ச்சி ஒன்றின் அமெரிக்க வடிவத்தை என்பிசி 1964, 65-இல் ஒளிபரப்பியது. லேரர் அதற்குப் பாட்டு எழுதி அனுப்பினார், பாடியவர்கள் வேறு. நிகழ்ச்சிக்காரர்கள் வரிகளை மாற்றினார்கள், வெட்டினார்கள். அந்தப் பாட்டுகளை 1965 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் ‘ஹங்ரி ஐ’ இரவு விடுதியில் முழுசாகத் தானே பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். தட்டில் 14 பாட்டு. பின்னால் இருந்த செய்தி தெரியாவிட்டால் சில இன்று சப்பென்று இருக்கும். அதனால் சிலவற்றின் பின்னணி:

1. ‘எம்.எல்.எஃப். லலபை’. நேட்டோ நாடுகள் சேர்ந்து அணு ஏவுகணைக் கப்பல்களை இயக்கலாம், மேற்கு ஜெர்மனி வீரர்களும் அதில் இருப்பார்கள் என்பது அன்றைய அமெரிக்க அரசின் திட்டம். பெயர் ‘மல்டிலேட்டரல் ஃபோர்ஸ்’, சுருக்கமாக எம்.எல்.எஃப். போர் முடிந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. லேரர் தாலாட்டு எழுதினார். பயப்படாதே கண்ணே, 1918-இலேயே ஜெர்மானியருக்குப் பாடம் புகட்டிவிட்டோம், அப்புறம் அவர்களால் தொந்தரவே இல்லை என்று தேற்றுகிறது பாட்டு. இடையில் ஒரு ஹிட்லர் இருந்தான் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் அடி. பழிகரப்புக்கு இதைவிடப் பச்சையான உதாரணம் தேட வேண்டாம். திட்டமும் சீக்கிரமே கைவிடப்பட்டது. இன்று அந்த மூன்று எழுத்தை விளக்கியாக வேண்டியிருக்கிறது.

2. ‘வெர்னர் ஃபான் பிரவுன்’. நாஜி ஜெர்மனிக்கு வி-2 ராக்கெட்டைச் செய்தவர். 1944 செப்டம்பரிலிருந்து அவை லண்டனில் விழுந்தன. அவற்றைச் செய்த தொழிற்சாலையில் வதைமுகாம் கைதிகள் செத்து விழுந்தார்கள். போருக்குப் பின் அமெரிக்கா அவரைக் கூட்டிவந்தது. 1960-இல் நாசாவின் மார்ஷல் மையத்துக்கு இயக்குநராக்கியது. பாட்டில் அவர் வாதம்: ராக்கெட் மேலே போனால் சரி, எங்கே விழுகிறது என்பது என் டிபார்ட்மென்ட் இல்லை. அலுவலக ஜன்னலில் நின்று இந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழர் யார்? லேரர் அவரை அரக்கன் என்று சொல்லவில்லை. நல்ல குமாஸ்தாவாகக் காட்டினார். அது இன்னும் கொடியது. ஃபான் பிரவுன் வழக்குப் போட்டு ஜெயித்தார், லேரர் அவருக்கு ராயல்டி கட்ட வேண்டியதாயிற்று என்று ஒரு கதை நெடுநாள் உலவியது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று லேரரே மறுத்திருக்கிறார்.

3. ‘நேஷனல் பிரதர்ஹுட் வீக்’. ஆண்டுக்கு ஒரு வாரம் சகோதரத்துவம் கொண்டாடும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது. வெள்ளையர், கறுப்பர், பணக்காரர், ஏழை எல்லாரும் ஒருவரை ஒருவர் வெறுக்கிறார்கள், ஒரு வாரம் மட்டும் கைகுலுக்கிக்கொள்ளலாம், நல்லவேளை ஆண்டு முழுக்க இல்லை என்கிறது பாட்டு.

4. ‘தி ஃபோக் சாங் ஆர்மி’. இது கிட்டாரை வைத்துக்கொண்டு அநீதியை எதிர்த்துப் பாடுகிறவர்களைப் பற்றியது. லேரரின் ரசிகர் கூட்டத்தில் பாதி அவர்கள்தான். எல்லாரும் ஆதரிக்கிற நல்ல விஷயங்களுக்காக ஒரு கூட்டத்தின் முன் எழுந்து நின்று பாட என்ன துணிச்சல் என்று அவர்களை மெச்சுகிறார்.

மீதியில் ‘தி வாட்டிகன் ராக்’ அன்று நடந்துகொண்டிருந்த கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வாட்டிகன் சங்கத்தின் வழிபாட்டு மாற்றங்களைப் பிடித்துக்கொண்டது. ஹூபர்ட் ஹம்ப்ரி துணை அதிபரானதும் ஆள் எங்கே போனார் என்று கேட்டது ஒரு பாட்டு.

ஒரு கழித்தலைக் கிட்டே போய்ப் பார்த்தால்

அதே தட்டில் உள்ள ‘நியூ மேத்’ அரசியல் பாட்டாகத் தெரியாது. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய்ப் பள்ளிக் கணிதத்தை மாற்றியது. விடையைவிட விளக்கம் முக்கியம் என்றார்கள். பெற்றோருக்குப் பிள்ளையின் வீட்டுப்பாடமே புரியவில்லை.

லேரர் மேடையில் ஒரு கழித்தலைப் பாடிக்கொண்டே செய்துகாட்டுவார்: 342-லிருந்து 173. இரண்டிலிருந்து மூன்று போகாது. பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்கு. 12-இல் மூன்று போனால் 9. கடைசியில் 169. கூட்டம் மூச்சு வாங்குவதற்குள், புத்தகத்தில் இந்தக் கணக்கு எட்டடிமானத்தில், அதாவது பத்துக்குப் பதில் எட்டை அடியாக வைத்து எண்ணும் முறையில், இருக்கிறது என்று சொல்லி மறுபடி ஆரம்பிப்பார். எட்டடிமானத்தில் கடன் வாங்கினால் வருவது பத்து அல்ல, எட்டு. இரண்டும் எட்டும் பத்து, மூன்று போனால் 7. அடுத்த இடத்தில் நான்கில் ஒன்று கடன் போய் மூன்று. அதில் ஏழு போகாது. எட்டைக் கூட்டி ஏழைக் கழித்தால் 4. மூன்றாம் இடத்தில் இரண்டில் ஒன்று போக 1. விடை 147. சந்தேகம் உள்ளவர் சரிபார்க்கலாம்: எட்டடிமான 342 நம் கணக்கில் 226, 173 என்பது 123, வித்தியாசம் 103, அதை எட்டடிமானத்தில் எழுதினால் 147.

கணக்கில் ஒரு பிழை இல்லை. இந்தப் பாட்டு கல்வித் துறையைப் பற்றிப் பத்துக் கட்டுரை சொல்லாததைச் சொன்னது, பாடத்தைத் திட்டாமல் பாடத்தையே சரியாக நடத்தி. தெரிந்தவன் கேலி செய்வதற்கும் தெரியாதவன் கேலி செய்வதற்கும் உள்ள தூரம் அது.

அப்படியானால் ஏன் நிறுத்தினார்?

இணையத்தில் எல்லாரும் பகிரும் விடை: வியட்நாம் போர்க்கால அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது அரசியல் அங்கதம் செத்துவிட்டது என்று லேரர் சொன்னார், அதோடு பாடுவதை விட்டார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி தேதியிலேயே இடிக்கிறது. பரிசு 1973-இல். லேரர் 1960-இலேயே சுற்றுப்பயணத்தைக் குறைத்துக்கொண்டார். 1965-க்குப் பின் புதுத் தொகுப்பு இல்லை. 1967-இல் ஸ்காண்டிநேவியா போய்ப் பாடினார். 1972-இல் ஜார்ஜ் மெக்கவர்னின் தேர்தல் நிதிக்காகச் சில மேடை. கிஸ்ஸிங்கருக்குப் பரிசு வருவதற்கு முன்பே திரை விழுந்துவிட்டது. அவரே இதைத் தெளிவுபடுத்தியும் கதை ஓயவில்லை. நல்ல வசனத்துக்கு எப்போதும் ஆயுள் அதிகம்.

உண்மையான காரணங்கள் அவ்வளவு கவர்ச்சியானவை அல்ல.

1. மேடை அலுத்துவிட்டது. எழுதி முடித்த நாவலை இரவுதோறும் போய் வாசித்துக் காட்டும் எழுத்தாளன் நிலை என்று அதைச் சொன்னார். கைதட்டல் அவருக்குப் போதையாக இல்லை.

2. வேடிக்கையான யோசனை வந்தால் எழுதுவார், வராவிட்டால் எழுத மாட்டார். பாட்டை நம்பிப் பிழைப்பு இல்லை, கற்பித்தல் இருந்தது.

3. மூன்றாவதுதான் கனமானது. பழிகரப்பு அங்கதம் வேலை செய்ய ஒரு முன்நிபந்தனை உண்டு: சொல்லாமல் விட்டதைக் கேட்பவர்கள் அனைவரும் ஒரே மாதிரி நிரப்பிக்கொள்ள வேண்டும். 1918-க்குப் பின் தொந்தரவே இல்லை என்றால் அறை முழுக்க ஒரே நொடியில் ஹிட்லரை நினைக்க வேண்டும். அணுகுண்டு, இனவெறி, பாசாங்கு ஆகியவற்றில் அவருடைய கூட்டத்துக்கு அப்படி ஓர் ஒருமித்த கருத்து இருந்தது. வியட்நாம் போர் மூண்ட பிறகு அதே கூட்டம் பல கூறாகப் பிரிந்தது. தாராளவாதிகளின் பழைய ஒருமிப்பு சிதறிவிட்டது என்று பின்னாளில் அவரே சொன்னார். சிரிப்பு எங்கே விழும் என்று தெரியாதபோது அந்த வகைப் பாட்டை எழுத முடியாது.

இதோடு கோபம் சேர்ந்தது. ஜார்ஜ் புஷ்ஷையும் அவரை ஆட்டிவைப்பவர்களையும் அங்கதம் செய்யத் தோன்றவில்லை, ஆவியாக்கிவிடத்தான் தோன்றுகிறது என்று 2003-இல் ஒரு பேட்டியில் சொன்னார். கோபம் முற்றினால் செம்பொருள்தான் வரும். அவருக்கு அது கைவந்த வித்தை இல்லை. பாட்டால் ஆட்சி மாறும் என்ற நம்பிக்கையும் அவருக்குக் கிடையாது. ஹிட்லரைத் தடுக்க 1930-களின் பெர்லின் அங்கத அரங்குகள் எவ்வளவு பாடுபட்டன பாருங்கள் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவையாளர் பீட்டர் குக்கின் கிண்டலை அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வார்.

மற்றபடி அவர் ஒளிந்து வாழவில்லை. ‘தி எலெக்ட்ரிக் கம்பெனி’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சிக்கு எழுத்துப் பாட்டுகள் எழுதினார். 1972 முதல் 2001 வரை கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில், கணிதத்தைப் பாடமாக எடுக்காத மாணவர்களுக்குக் கணிதமும், கூடவே இசை நாடகமும் கற்பித்தார்.

உரிமையைத் துறப்பது எப்படி?

ஒரு பாட்டில் பல உரிமைகள் அடுக்காக இருக்கின்றன: வரி, மெட்டு, ஒலிப்பதிவு, மேடையில் பாடுவது, மொழிபெயர்ப்பது. 2020-இல் வரிகளையும் மெட்டுகளையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். 2022 நவம்பரில் மிச்சத்தையும் விட்டார். தன் வரிக்கு வேறு மெட்டுப் போடலாம், தன் மெட்டுக்கு வேறு வரி எழுதலாம், சிதைத்தும் பாடலாம், வழக்கு வராது என்று எழுதி வைத்தார். எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பணம் எதுவும் அனுப்பாதீர்கள் என்று அறிக்கை முடிந்தது.

இதை நம் ஊர் நாட்டுடைமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாட்டுடைமையில் அரசு எழுத்தாளருக்கோ வாரிசுக்கோ தொகை கொடுத்து உரிமையை வாங்கி மக்களுக்குத் திறந்துவிடுகிறது. இங்கே வாங்கியவர் யாரும் இல்லை. அமெரிக்காவில் பதிப்புரிமை தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். அதை உதறுவதற்கென்று தனிப் படிவம் சட்டத்தில் இல்லை. உரிமையாளரே பகிரங்கமாக எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அதே உரிமையைக் காட்டி வழக்குத் தொடுக்க முடியாது என்பதுதான் அதன் பலம். துறக்காமல் விட்டிருந்தால், அந்நாட்டில் 1978-க்கு முன் வெளியான படைப்புக்கு 95 ஆண்டு என்ற கணக்கில், 1965-இல் வெளியான வரிகளும் மெட்டுகளும் 2060 முடியும்வரை பூட்டில் இருந்திருக்கும்.

விலக்கு ஒன்று உண்டு. பிறர் மெட்டுக்கு லேரர் வரி எழுதியிருந்தால் வரி மட்டுமே இலவசம். மெட்டுக்கு உரியவர் இருந்தால் அவரைக் கேட்க வேண்டும். சல்லிவன் மெட்டுக்கு அந்தக் கவலை இல்லை, அது எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டது. துறப்பதற்கு முன்பும் அவர் கெடுபிடிக்காரர் அல்ல. 2012-இல் ராப் பாடகர் 2 செயின்ஸ் ‘தி ஓல்ட் டோப் பெட்லர்’ பாட்டின் துண்டைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது, ஒரு கெட்ட வார்த்தையோடு சம்மதம் தந்து, திரு. செயின்ஸுக்கு என் வணக்கம், அவரை 2 என்றே கூப்பிடலாமா என்று விசாரித்தார்.

இப்போது யார் வேண்டுமானாலும் கைவைக்கக்கூடிய பாட்டுகளில் ‘ஹூ’ஸ் நெக்ஸ்ட்’ ஒன்று. 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்ததும் அடுத்தது யார் என்று கேட்டு எழுதியது. இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, எகிப்து, இஸ்ரேல் என்று போய், லக்சம்பர்க், மொனாக்கோ வழியாக, கடைசியில் இனவெறிக்குப் பேர்போன அலபாமா மாநிலத்துக்கே குண்டு வந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்கா பின்னால் ஆறு குண்டு செய்து தானே பிரித்துப் போட்டது. 1974 மே மாதம் போக்ரானில் வெடித்த இந்தியாவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. 1998-இல் வெடித்த பாகிஸ்தானும், 2006-இல் வெடித்த வட கொரியாவும் இல்லை. மூன்றையும் அதே மெட்டில் ஏற்றிப் பாட இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.